காளானுக்குத் தூர்தான் சாட்சி

கண்டிக்கு இடிமழை ஆண்டில் இரண்டு தடவை வரும். சித்திரையை ஒட்டி ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் மற்றொன்று. பின்னேரம் ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுக்கும், இடி உருளும், கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும். இரவில் விளக்கைச் சுற்றி ஈசல் விழுந்து கிடக்கும். அதையடுத்து வரும் நாட்களில் தேயிலை மலை ஓரங்களிலும் மிளகுக்கொடி ஏறிய வீட்டுத் தோட்டங்களிலும் கைப்பிடிக்குள் அடங்காத காளான்கள் மண்ணைப் பிளந்துகொண்டு எழும். இனம் தெரிந்தவர்கள் வெயில் ஏறுமுன் போய்ப் பறித்துவிடுவார்கள். பிந்தினால் புழு வைத்துவிடும், அல்லது பக்கத்து வீட்டார் முந்திவிடுவார்கள்.

இவற்றில் பெரியதும் ருசியானதும் புற்றுக்காளான். தேங்காய்ப்பால் விட்டு, மிளகு தூக்கலாகப் போட்டு இறக்கினால் நார்நாராகக் கோழி இறைச்சிபோல் பல்லுக்குப் பதில் சொல்லும். சைவக்காரர் சிலர் அந்த இறைச்சிச் சாயலுக்காகவே இதை ஒதுக்குவதும் உண்டு. பொலித்தீன் பைகளில் வளர்த்துப் பொதி செய்து விற்கும் சிப்பிக் காளானுக்கும் இதற்கும் ருசியில் ஒப்பே இல்லை. ஆனால் சிப்பிக் காளானை வளர்க்கலாம், புற்றுக்காளானை வளர்க்க முடியாது. ஆய்வுகூடத்தில் அதன் இழைகள் வளர்கின்றன. குடையாக எழும்படி செய்து சந்தைக்குக் கொண்டுவரத்தான் ஒருவராலும் முடியவில்லை. சாப்பிட ஆசையென்றால் காட்டிலும் மேட்டிலும் போய்த் தேடித்தான் ஆகவேண்டும். தேடுகிற கைக்கு அதேபோன்ற வேறொன்றும் அகப்படலாம் என்பதுதான் பிரச்சினை.

பாட்டிமாருக்குக் காளான் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறோம். அவர்களிடம் நெருங்கி விசாரித்தால், காளானைவிட இடம்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்தப் பலா மரத்தின் கிழக்கே, அந்தப் படிக்கட்டுக்குக் கீழே, போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் வந்த அதே இடம். புற்றுக்காளான் அப்படி இடம் மாறாமல் வருவதற்குத் திட்டமான காரணம் இருக்கிறது.

நிலத்துக்கு அடியில் கறையான் ஒரு தோட்டம் வைத்திருக்கிறது. உலர்ந்த இலையும் சருகும் மரத்துண்டும் வேலைக்காரக் கறையான்களின் வயிற்றுக்குள் போய், அரைகுறையாகச் செரித்து, சிறு உருண்டைகளாக வெளிவருகின்றன. அந்த உருண்டைகளை அடுக்கித் துளைகள் நிறைந்த ஒரு கட்டியைக் கறையான் கட்டுகிறது. அதன்மேல் டெர்மிட்டோமைசிஸ் என்ற பங்கசு, அதாவது பூஞ்சை, படர்கிறது. மரத்தில் உள்ள லிக்னினைப் பெரும்பாலான பூச்சிகளால் செரிக்க முடியாது. பங்கசால் முடியும். அது செரித்து மிருதுவாக்கிய கட்டியையும், அதில் குண்டூசித் தலையளவில் பூக்கும் வெள்ளை முத்துக்களையும் கறையான் தின்கிறது. இந்தக் கூட்டு ஆபிரிக்காவில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. மனிதன் நெல் விதைக்கத் தொடங்கி 10,000 ஆண்டுதான் ஆகிறது.

மழைக்காலத்தில் அந்தப் பங்கசு கட்டியிலிருந்து ஒரு குருத்தை மேலே அனுப்புகிறது. அதன் நுனி கூராகவும் கடினமாகவும் இருக்கும். மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து குடை விரித்த பின்னும் அந்தக் கூர் நடுவில் முலைபோல் மிஞ்சி நிற்கும். ஈசல் சோடி சேர்ந்து புதுப் புற்றுத் தொடங்கும்போது பெரும்பாலான இனங்களில் பங்கசைத் தன்னோடு கொண்டுபோவதில்லை. புதுப் புற்றின் முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே இரை தேடப் போகும்போதுதான் வித்திகளைப் பொறுக்கி வருகின்றன. அதற்குத் தோதாகவே ஈசலுக்குப் பின்னால் காளான் விரிகிறது. ஒரு மேட்டில் எழுந்த எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வராமல் இரண்டு மூன்றை விட்டுவைப்பது நல்லது என்று சிலர் சொல்வதற்கு விஞ்ஞானத்திலும் இடமுண்டு.

ஆக, புற்று இருக்கும்வரை காளான் அதே இடத்தில் வரும். பாட்டி கண்டது ஒரு விலாசம். அந்த விலாசத்தை விட்டு வேறு மேட்டுக்குப் போனால் அவருடைய கண்ணும் நம்முடைய கண்ணைப்போலத் தடுமாறும்.

தடுமாற்றம் படித்தவர்களுக்கும் நேர்ந்தது. அதற்கும் கண்டியே களம். பேராதனைப் பூங்காவில் ஜோர்ஜ் கார்ட்னர் மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் இலங்கையிலிருந்து உலர்த்திய காளான்கள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே கிராமத்துப் பாதிரியாராக இருந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லி அவற்றுக்குப் பெயரிட்டார். இன்று டெர்மிட்டோமைசிஸ் யூரைசஸ் எனப்படும் புற்றுக்காளான் 1847ல் அப்படித்தான் விஞ்ஞான ஏட்டில் ஏறியது. பெட்டியில் போனது வெறும் குடையும் தண்டும். அதன் கீழே கறையான் இருந்ததைப் பெட்டி எப்படிச் சொல்லும்? தேயிலை, றப்பர் நோய்களைக் கவனிக்க 1905ல் பேராதனைக்கு வந்த தோமஸ் பெச் என்ற பங்கசு ஆய்வாளர் புற்றுகளைத் தோண்டிப் பார்த்தார். கறையான் கூட்டுப் பங்கசுகளைப் பற்றி 1906ல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையை இன்றும் இத்துறையில் எடுத்துப் பார்க்கிறார்கள். அவரே இந்தக் காளானை முதலில் ஒரு பேரினத்திலும் சில ஆண்டுகள் கழித்து வேறொன்றிலும் வைத்தார். கடைசியில் 1942ல் பிரெஞ்சுக்காரர் ரோஜே ஹைம், கறையானோடு வாழ்வதையே அடையாளமாகக் கொண்டு தனிப் பேரினம் அமைத்த பிறகுதான் அலைச்சல் ஓய்ந்தது. ஒரு நூற்றாண்டுக் குழப்பம் தீர்ந்தது குடையின் சாயலால் அல்ல, அது நின்ற இடத்தால்.

கறையான் புற்றுக்குள் பங்கசு இருப்பதை ஐரோப்பியருக்கு முதலில் எழுதிச் சொன்னவர் தரங்கம்பாடி மிஷனில் மருத்துவராக இருந்த ஜே. ஜி. கோனிக். அது 1779ல். தஞ்சாவூர்ச் சீமையில் காளான் பறித்த பெண்களுக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இனி, கையில் எடுத்துப் பார்ப்போம். காளானைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு கத்தியோ அலவாங்கோ கொண்டு சுற்றிலும் மண்ணைத் தளர்த்தித் தோண்ட வேண்டும். நில மட்டத்தில் தண்டு சற்றுப் பருத்திருக்கும். அதற்குக் கீழே வேர்போல் மெலிந்து, கபிலம் அல்லது கறுப்புத் தோல் போர்த்து இறங்கும். ஒரு சாண் போகலாம், இரண்டு முழமும் போகலாம். கடைசியில் மண்வெட்டி பொந்து ஒன்றில் விழும். உள்ளே கபில நிறக் கட்டி, அதில் வெள்ளை முத்துக்கள், கையைக் கடிக்க ஓடிவரும் சிப்பாய்க் கறையான்கள். இவ்வளவும் கண்டால் அது புற்றுக்காளான் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. குடையைத் திருப்பினால் செவுள்கள் நெருக்கமாக, வெள்ளையாக, தண்டைத் தொடாமல் சற்று எட்டவே நின்றுவிடும். முற்றும்போது இளஞ்சிவப்புச் சாயல் ஏறும். தண்டு நார்த்தன்மையோடு கெட்டியாக இருக்கும். தண்டில் வளையம் பெரும்பாலும் இராது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்து கே. நடராஜன் 1979ல் விவரித்த தென்னிந்திய இனமான டெர்மிட்டோமைசிஸ் ஹைமியில் வளையம் உண்டு. ஆகவே "வளையம் இருந்தால் நஞ்சு" என்ற ஊர்க் கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

இதே கூட்டத்தில் அரிசிக்காளானும் சேரும். விரல் நகத்தளவுக் குடைகள், நூற்றுக்கணக்கில், நிலத்தில் பொரி கொட்டிவைத்த மாதிரி. கறையான் வெளியே தள்ளிய கட்டித் துணுக்குகளில் அது முளைப்பதால் அதற்கு நீண்ட வேர் கிடையாது. பெரிய காளானைப் பற்றிய கட்டுரையில் அதற்கு இவ்வளவு போதும்.

குழப்பத்தில் முதலிடம் ஒரு சோடிக்கு. இரண்டும் புல்வெளியில் வருபவை, இரண்டும் சாப்பாட்டுத் தட்டளவு விரியக்கூடியவை, இரண்டுக்கும் வெண்மையான குடையில் கபிலச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். ஒன்று மக்ரோலெபியோட்டா டொலிக்கௌலா. இதையும் இலங்கைக் காளான்களிலிருந்தே பெர்க்லியும் அவருடைய நண்பர் புரூமும் விவரித்தார்கள். தாய்லாந்திலும் சீனாவின் யுன்னானிலும் இதைச் சாப்பிடுகிறார்கள். மற்றது குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். உலகத்தின் வெப்பமான நாடுகள் எங்கும் புற்றரைகளில் வட்டமாக முளைக்கும் இது, வட அமெரிக்காவில் காளான் நஞ்சூட்டத்துக்கு மிக அதிகமாகக் காரணமாவது. தின்ற ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுக்கும். அதன் நஞ்சுகளில் ஒன்று ஒரு புரதம். சூடு அதைக் குலைக்கும். ஆனால் அரைவேக்காட்டில் குலையாது, முழு வேக்காட்டையும் நம்பிச் சாப்பிட முடியாது. உயிர் போவது அரிது. சிறு பிள்ளைக்கும் வயதானவருக்கும் உடல்நீர் வற்றி ஆபத்தாகலாம்.

இரண்டையும் பிரிப்பது வித்தியின் நிறம். குளோரோஃபில்லத்தின் வித்தி பச்சை. காளான்களில் பச்சை வித்தி மிக அபூர்வம். முற்றிய குடையைத் திருப்பினால் செவுள்கள் பாசி படிந்ததுபோல் சாம்பல் கலந்த பச்சையாய்த் தெரியும். மக்ரோலெபியோட்டாவின் செவுள் முற்றினாலும் வெள்ளையோ பாலாடை நிறமோதான். ஆனால் நாம் விரும்பிப் பறிப்பது இளசை. இளம் குளோரோஃபில்லத்தின் செவுளும் வெள்ளைதான். இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒரே வட்டத்தில் நிற்கும் முற்றல் ஒன்றையும் பார்க்காமல் இளசைத் தொடவே கூடாது.

வித்தி நிறத்தைப் பிடிப்பது வெகு சுலபம். தண்டை வெட்டிவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடித் துண்டின்மேல் கவிழ்த்து, காற்றுப் படாமல் ஒரு கோப்பையால் மூடி, இரவு முழுக்க வைத்தால் போதும். காலையில் கோப்பையையும் குடையையும் தூக்கினால் செவுள் வரிகள் தூளாக அச்சாகி இருக்கும். கண்ணாடியை வெள்ளைக் கடதாசியின் மேலும் கறுப்புத் துணியின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெள்ளை அச்சு வெள்ளைக் கடதாசியில் கண்ணுக்குத் தெரியாது. புற்றுக்காளானில் வெளிறிய இளஞ்சிவப்பு. மக்ரோலெபியோட்டாவிலும் அமனிட்டாவிலும் வெள்ளை. கடையில் டின்னில் வரும் மொட்டுக் காளானின் இனத்தில் சொக்லேட் கபிலம். குளோரோஃபில்லத்தில் மங்கிய பச்சை. இதற்கு நுணுக்குக்காட்டி வேண்டாம். வேண்டியது ஒரு இராத்திரி பொறுமை. குழம்பு அவசரத்தில் அதுதான் கிடைப்பதில்லை.

ஆனால் இளஞ்சிவப்பு அச்சு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று சட்டியை அடுப்பில் வைக்கக் கூடாது. என்டோலோமா என்ற பேரினத்துக்கும் இளஞ்சிவப்பு வித்திதான். அதில் நஞ்சுள்ள இனங்கள் உண்டு. அதன் செவுள் தண்டோடு ஒட்டியிருக்கும், புற்றுக்காளானில் ஒட்டாது. பெச்சின் காலத்தில் அரிசிக்காளானையே என்டோலோமாவில் சேர்த்திருந்தார்கள் என்றால் சாயல் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதைந்த மரத்திலிருந்து நீண்ட வேர் விட்டு எழும் இன்னொரு வகையும் உண்டு, ஈரத்தில் குடை வழுவழுக்கும். அது கெடுதி செய்யாது. ஆனாலும் "வேர் இருக்கிறது, ஆகவே புற்றுக்காளான்" என்பவரை அது ஏமாற்றிவிடும். வேரின் மறுமுனையில் கறையான் கட்டி இருக்கிறதா, மக்கிய மரம் இருக்கிறதா என்பதைத் தோண்டினால்தான் காணலாம்.

எல்லாவற்றிலும் பொல்லாதது அமனிட்டா. இந்தப் பேரினத்தில் தின்னக்கூடிய இனங்களும் உண்டு, ஆளைக் கொல்பவையும் உண்டு. செவுள் வெள்ளை, தண்டைத் தொடாது, குடை அகலம், பார்வைக்குச் சுத்தமும் அழகும். அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் தண்டின் அடியில் இருக்கும் உறை. முட்டை ஓட்டிலிருந்து எழுந்ததுபோல் அடியில் ஒரு பைக்கிண்ணம், அல்லது பருத்த கிழங்கில் செதில் வளையங்கள். பிடுங்குகிறவர் கையோடு வருவது தண்டும் குடையும்தான். கிண்ணம் மண்ணுக்குள்ளே தங்கிவிடும். கூடைக்குள் போட்ட பிறகு எந்த நிபுணராலும் அதைப் பார்க்க முடியாது. அமனிட்டாக்களில் பெரும்பாலானவை குறிப்பிட்ட மரங்களின் வேரோடு சேர்ந்து வாழ்பவை. அதனால் மலைநாட்டில் வெளிநாட்டு மரங்கள் நட்ட தோப்புகளில் காளான் பறிக்கும்போது பழைய கணக்குகளை நம்பாமல் இருப்பது புத்தி. அந்த மரங்களோடு என்னென்ன பங்கசு கூட வந்தது என்பது நம் முன்னோர் அனுபவத்தில் இல்லாத சங்கதி.

அமனிட்டாவின் நஞ்சான அமடொக்சின், உயிரணுக்குள் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியத்தை முடக்கிவிடும். புரதம் உண்டாவது நின்றுபோகும். ஈரல்தான் முதலில் அடிபடும். அவித்தாலும் காயவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. மஞ்சள் போட்டு அவித்து நீரை வடித்தால் நஞ்சு போய்விடும், வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது, வெள்ளைப்பூடு நிறம் மாறாவிட்டால் நல்லது, புழு தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்று ஊரில் வழங்கும் சோதனைகளில் ஒன்றுகூட இந்த நஞ்சைக் கண்டுபிடிக்காது. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். அமடொக்சின் அதைத் தொடுவதே இல்லை. நத்தைக்கும் புழுவுக்கும் அது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அவற்றின் உடம்பு வேறு, நம்முடையது வேறு. இந்தச் சோதனைகள் பிழைத்து வந்ததற்குக் காரணம், பெரும்பாலும் நல்ல காளானையே சோதித்தார்கள் என்பதுதான். பாட்டியின் மேட்டிலிருந்து வந்ததற்குக் கரண்டி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

மேடு மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2011 டிசம்பர் 31ஆம் திகதி இரவு அவுஸ்திரேலியாவின் கன்பராவில் ஒரு விருந்துக்கு உள்ளூரில் பறித்த காளானைச் சமைத்தார்கள். சாப்பிட்டவர்களில் இருவர் சில நாட்களில் இறந்தார்கள். ஆசிய நாடுகளில் எல்லோரும் தின்னும் வைக்கோல் காளான் என்று அவர்கள் நினைத்தது, ஐரோப்பிய மரங்களோடு அங்கே போய்ச் சேர்ந்த அமனிட்டா ஃபலாய்டிஸ். இரண்டுக்கும் அடியில் கிண்ணம் உண்டு என்பது கூடுதல் வினை. வித்தி அச்சு எடுத்திருந்தால் ஒன்று இளஞ்சிவப்பு, மற்றது வெள்ளை. அடுத்தது நமக்கு இன்னும் கிட்ட. 2022 ஏப்ரலில் அசாமின் மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக் காளான் தின்ற 13 பேர் திப்ருகார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். தெல்தோட்டையிலும் கலஹாவிலும் கொழுந்து எடுப்பவர்களைப்போலவே மழை நாளில் கறிக்கு வழி பார்த்தவர்கள்தான் அவர்களும்.

இன்னும் சில விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கறையான் மருந்து ஊற்றிய புற்றிலும் களைக்கொல்லி அடித்த மலையிலும் எழுந்ததை, இனம் சரியாயிருந்தாலும் விட்டுவிட வேண்டும். வீதியோரத்துக் காளான் பார உலோகங்களைச் சேர்த்து வைத்திருக்கும். உடவத்தகெலேயிலும் பேராதனைப் பூங்காவிலும் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பறிக்கக் கூடாது. கைத்தொலைபேசிச் செயலியில் படம் காட்டிப் பெயர் கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். படத்தில் விழுவது குடையின் மேற்புறம். நாம் இதுவரை பேசிய ஒன்றும் அங்கே இல்லை.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது நேரத்தைத்தான். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வாந்தி வந்தால் பெரும்பாலும் குடலைக் கலக்கும் வகை. ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு, அல்லது மறுநாள் காலையில் தொடங்கினால் அமடொக்சினாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. இரண்டையும் கலந்து சமைத்திருந்தால் முதல் வாந்தி இரண்டாவதை மறைத்துவிடும் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் வாந்தி நின்று நோயாளி எழுந்து உட்கார்வார், கஞ்சி கேட்பார், வீட்டார் ஆறுதல் அடைந்து துண்டு வெட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஈரல் உள்ளே செத்துக்கொண்டிருப்பது அந்த நாளில்தான். மூன்றாம் நான்காம் நாள் கண் மஞ்சளாகும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கொழும்புத் தேசிய மருத்துவமனையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் 1988 முதல் இயங்குகிறது. எந்த ஊர் மருத்துவரும் அங்கே கேட்டறியலாம். மிஞ்சிய கறியைக் கொட்டக் கூடாது. சமைக்காத காளான் ஏதும் மீந்திருந்தால் பொலித்தீனில் அல்ல, கடதாசியில் சுற்றி நோயாளியோடு அனுப்ப வேண்டும்; பொலித்தீனில் அது சில மணித்தியாலத்தில் அழுகிக் கூழாகிவிடும். வீட்டில் ஒருவர் மண்வெட்டியோடு பறித்த இடத்துக்கே திரும்பிப் போய், மண்ணுக்குள் தங்கிய தூரையும் தோண்டிக்கொண்டு பின்னால் வரட்டும்.